கால் சொன்ன செய்தி

தரம் 12, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

கொஸ்லந்தை கடைவீதியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் பாதை முழுக்க ஏற்றம். விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனால், உம்மம்மாவோடு கடைக்குப் போய் வருவது என் வேலை. திரும்பி வரும்போது உம்மம்மா நான்கு இடங்களில் நிற்பார். முதலில் தண்ணீர்ப் பீலியடியில். பிறகு பலாமரத்தடியில். அடுத்தது தேயிலை மலைக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதையின் வாசலில். கடைசியாக எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கல்லுக்கட்டில்.

நிற்கும் இடமெல்லாம் அவருக்கு ஒரு கதை இருக்கும். கொழுந்துச் சாக்கோடு வரும் அக்காமாரிடம் "பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமா?" என்று கேட்பார். யாரும் வராவிட்டால் பலாமரத்தை அண்ணாந்து பார்த்து, "இந்த முறை காய் குறைவு" என்பார். உம்மம்மாவுக்குப் பேசப் பிடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு அவசரமாக இருந்தால், "வாங்க உம்மம்மா, நேரமாகுது" என்று கையைப் பிடித்து இழுத்தும் இருக்கிறேன்.

அவர் நின்றது பேசுவதற்காக அல்ல. கெண்டைக்கால் கயிறு போட்டு முறுக்குவதுபோல வலித்ததால் நின்றிருக்கிறார். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் வலி போய்விடும். நடந்தால் திரும்பவும் வரும். அதை யாரிடமும் சொல்லாமல் நான்கு கதைகளால் மூடி வைத்திருந்தார்.

அந்த வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, செய்வதற்கு வழியும் இருக்கிறது என்பதை எங்கள் வீடு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டது. இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி நின்று நின்று நடக்கும் ஒருவர் இருக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குருதி ஓடும் பாதை

நம் இதயம் கைமுட்டியளவு. நிறை சுமார் 300 கிராம். நிமிடத்துக்கு எழுபது தடவை துடிக்கிறது என்று வைத்தால், ஒரு நாளில் அது ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கும். நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லீற்றர் குருதியை வெளியே தள்ளுகிறது. நாள் கணக்கில் பார்த்தால் 7,000 லீற்றர். ஒரு பெரிய தண்ணீர் பவுசர் கொள்ளும் அளவு. ஆனால் உடலில் இருப்பதே சுமார் 5 லீற்றர் குருதிதான். அதாவது இருக்கிற குருதியே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

இன்று தரம் பத்துப் பிள்ளையும் படம் வரைந்து காட்டும் இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மனிதருக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன, அவற்றினூடாகவே குருதி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது என்று கிரேக்க வைத்தியர் கேலன் எழுதி வைத்ததை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வைத்தியராக வாழ்ந்த இப்னு நபீஸ், அந்தச் சுவரில் துளை எதுவும் இல்லை, குருதி நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலில் வரும் உடலமைப்புப் பகுதிக்கு 1242இல் அவர் எழுதிய விளக்கவுரையில் இது இருக்கிறது. அந்தச் சுவடியை 1924இல் எகிப்திய வைத்தியர் முஹ்யுத்தீன் அத்ததாவி பேர்லின் நூலகத்தில் கண்டெடுக்கும்வரை, இப்னு நபீஸின் இந்தப் பங்களிப்பு மேற்குலகில் பெரிதாகப் பேசப்படவில்லை. குருதி உடல் முழுவதும் சுற்றுகிறது என்பதை 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி நிறுவினார். நாடிகளையும் நாளங்களையும் இணைக்கும் மயிர்க்குழாய்களை 1661இல் இத்தாலியின் மல்பீகி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சுற்று முழுமையானது.

இந்தச் சுற்றுக்குள் நாம் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு. இதயத்துக்குக் குருதி தரும் முடியுரு நாடி, மூளைக்குப் போகும் நாடி, காலுக்கு இறங்கும் நாடி எல்லாமே பெருநாடி என்ற ஒரே அடிமரத்தின் கிளைகள். ஒரு கிளையில் நோய் கண்டால் மற்றக் கிளைகளிலும் அது தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். உம்மம்மாவின் கெண்டைக்கால் வலியை வெறும் கால் வலி என்று நாங்கள் நினைத்தது இதனால்தான் பெரிய பிழை.

குழாய் ஒடுங்கினால்

எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. புதிதாகக் குழாய் போட்ட வருடம் தண்ணீர் பாய்ந்து வரும். வருடங்கள் போகப் போக உள்ளே பாசியும் சேறும் படியும். ஒரு நாள் வாளி நிரம்ப அரை மணித்தியாலம் ஆகும். அப்போதுதான் குழாயைக் கழற்றிப் பார்ப்போம். அதுவரை வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிதுபோலவே இருக்கும்.

நாடிகளுக்கும் இதுதான் நடக்கிறது. கூடிய குருதியமுக்கம், குருதியில் அதிகரித்த சீனி, புகையிலை ஆகியவை நாடியின் மெல்லிய உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. காயப்பட்ட இடத்தில் கொலஸ்திரோல் புகுந்து படிகிறது. படிவு தடித்துக் குழாய் ஒடுங்குகிறது. சில வேளை அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் குருதி கட்டியாக உறைந்து பாதையை முற்றாக அடைத்துவிடுகிறது. அது முடியுரு நாடியில் நடந்தால் மாரடைப்பு. மூளையின் நாடியில் நடந்தால் பாரிசவாதம்.

பிரான்ஸ் நாட்டு வைத்தியர் புவசேய் 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்து ஒரு விதியைக் கண்டார். குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும். பௌதிகப் பாடத்தில் இதைக் கணக்காகச் செய்தபோது எனக்கு உம்மம்மாவின் கால்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் நடமாடும்போது தசைக்குத் தேவையான குருதி கொஞ்சம். ஒடுங்கிய குழாய் அதை எப்படியோ கொடுத்துவிடும். ஏற்றம் ஏறும்போது தசை பல மடங்கு ஒட்சிசன் கேட்கிறது. குழாயால் கொடுக்க முடியாது. தசை வலியால் கத்துகிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் நிற்கிறது. நடந்தால் வலித்து நின்றால் மறையும் கெண்டைக்கால் வலி கால் நாடி ஒடுங்கியதன் முதல் அடையாளமாக இருக்கலாம் என்பது இதனால்தான்.

அட்டைக் கடியும் ஆறாத புண்ணும்

எங்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது அந்த வலி அல்ல, ஓர் அட்டை. மழைக்காலத்தில் உம்மம்மாவின் பெருவிரலுக்குப் பக்கத்தில் அட்டை கடித்தது. அட்டையின் உமிழ்நீரில் குருதி உறைவதைத் தடுக்கும் பதார்த்தம் இருப்பதால் கடித்த இடத்தில் கொஞ்ச நேரம் குருதி வடியும். பிறகு சரியாகிவிடும். எங்கள் ஊரில் அட்டைக் கடியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உம்மம்மாவும் சொறிந்துவிட்டு மறந்துவிட்டார்.

ஒரு கிழமை போனது. புண் ஆறவில்லை. மூன்றாவது கிழமை விரல் நிறம் மாறத் தொடங்கியது. "எனக்கு ஒண்டுமில்ல புள்ள, மஞ்சள் பூசினா ஆறிடும்" என்று அவர் சொன்னார். உம்மா கேட்கவில்லை. அன்றே கூட்டிக்கொண்டு போனார்.

வைத்தியர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் பாதத்தின் மேற்பக்கத்தில் இரண்டு விரல்களை வைத்து நாடித்துடிப்பைத் தேடினார். ஒரு காலில் மெதுவாகப் பட்டது. புண் இருந்த காலில் படவேயில்லை. பிறகு கணுக்காலிலும் கையிலும் குருதியமுக்கம் அளந்தார்கள். ஆரோக்கியமானவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். கணுக்கால் அமுக்கம் கையின் அமுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே இறங்கினால் கால் நாடியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். உம்மம்மாவுக்கு அதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது.

"பிரஷருக்கும் சீனிக்கும் தந்த மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்று வைத்தியர் கேட்டார். உம்மம்மா என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். எட்டு மாதமாகக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சுகமாத்தானே இருந்திச்சி" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் இந்த நோயின் முழு ஆபத்தும் இருக்கிறது. கூடிய குருதியமுக்கம் பெரும்பாலும் வலிக்காது. சீனி நோயும் தொடக்கத்தில் வலிக்காது. கொலஸ்திரோலுக்குச் சத்தமே கிடையாது. மருந்து வேலை செய்வதால்தான் சுகமாக இருக்கிறோம் என்பதை மறந்து, சுகமாக இருப்பதால் மருந்து தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை எங்கள் பிரதேசத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. போக வேறு இடமில்லாமல் அங்கேயே இருந்த மக்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் உடல் தரும் எச்சரிக்கை வேறு. அதைக் கேட்டால் போவதற்கு நமக்கு இடம் இருக்கிறது. கிளினிக் இருக்கிறது, இலவச மருந்து இருக்கிறது. அந்த வசதி இருந்தும் கேட்காமல் விடுவதுதான் வருத்தம்.

மலையில் நடப்பவர்களுக்கும் வருமா?

"நாங்கள் மலைநாட்டு ஆட்கள். நாளெல்லாம் ஏறி இறங்குகிறோம். எங்களுக்கு ஏன் இந்த நோய்?" என்று உம்மம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நடப்பது இதயத்துக்கு நல்லது என்பதற்குப் பழைய சாட்சி இலண்டன் பஸ்களில் இருக்கிறது. ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் அங்குள்ள இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே பாதை. ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

அப்படியானால் நாங்கள் தப்பியிருக்க வேண்டும். இரண்டு காரணங்களால் தப்பவில்லை. ஒன்று, நாங்கள் முன்போல நடப்பதில்லை. கடைவீதிக்கு இறங்கவும் ஏறவும் இப்போது ஆட்டோ இருக்கிறது. கொழுந்து பறிக்கும் அக்காமார்தான் இன்னும் நடக்கிறார்கள். மற்ற நாங்கள் மலையில் வாழ்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், நடை ஒரு கையால் கொடுப்பதை மற்றப் பழக்கங்கள் இரு கைகளாலும் பறித்துவிடுகின்றன. இதில் முதல் குற்றவாளி புகையிலை. ஆண்கள் புகைக்கும் சிகரெட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வெற்றிலைத் தட்டில் இருக்கும் புகையிலைத் துண்டைப் பற்றிப் பேசுவதில்லை. அதிலும் நிக்கொட்டீன் இருக்கிறது. அது குருதிக்கலன்களைச் சுருக்கும், இதயத்துடிப்பைக் கூட்டும். வாய்ப்புற்று நோய்க்கும் அதுவே வழி. தோட்டப் பெண்களில் பலர் குளிருக்கும் பசிக்கும் அதைத்தான் வாயில் அடக்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். எங்கள் உம்மம்மாவும் நாற்பது வருடமாக அடக்கியிருக்கிறார்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுபவை. அவற்றுள் இதய, குருதிக்கலன் நோய்களுக்கே முதலிடம். இது கொழும்புப் பணக்காரரின் நோய் என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

குசினியில் தொடங்கிய மாற்றம்

வைத்தியசாலையிலிருந்து வந்த அன்று இரவே உம்மா உப்புப் போத்தலை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டிதான். அதற்குள் கறி உப்பு, கருவாடு, மாசி, ஊறுகாய், பாண், மிக்சர் எல்லாம் அடங்க வேண்டும். பாணில் உப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. உப்பு உடலில் நீரைத் தேக்கி வைக்கிறது. குருதியின் கனவளவு கூடுகிறது. குழாய்க்குள் அமுக்கம் ஏறுகிறது.

முதல் கிழமை சாப்பாட்டில் ருசியே இல்லை. வாப்பா முகத்தைச் சுளித்தார். பிறகு உம்மா தேசிக்காய், மிளகு, கொறுக்காய்ப்புளி, கறிவேப்பிலை என்று கையைக் கொஞ்சம் கூட்டினார். எங்கள் மிளகு எங்கள் தோட்டத்து மிளகு. ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது வெளியில் சாப்பிட்டால்தான் உப்புக் கரிக்கிறது. கருவாட்டை முற்றாக விட முடியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் தண்ணீரில் ஊற வைத்து இரண்டு முறை அலசிய பிறகு.

தேங்காய்ப்பாலை உம்மா நிறுத்தவில்லை, குறைத்தார். முதற்பாலில்தான் நிரம்பிய கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு குருதியில் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டக்கூடியது. இப்போது பருப்புக்கும் மரக்கறிக்கும் இரண்டாம் பால் மட்டும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிப்பதும் நின்றுவிட்டது. மாட்டிறைச்சி வெள்ளிக்கிழமைக்கு மட்டும். கொழுப்பை வெட்டி எடுத்த பிறகு.

கூட்டிக்கொள்ள வேண்டியவை எங்கள் ஊரில் மலிவாகவே கிடைக்கின்றன. போஞ்சி, கரட், கோவா, வல்லாரை, முருங்கையிலை, பலாக்காய், கொய்யா, ஆனைக்கொய்யா. கடலையும் பயறும் காலை உணவாகின. ஊவாவின் குரக்கன் ரொட்டி மைதா ரொட்டியின் இடத்துக்கு வந்தது. நாளொன்றுக்கு மரக்கறியும் பழமும் சேர்ந்து 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்பது கணக்கு. கிழங்கு வகைகள் இதில் சேராது.

கடினமாக இருந்தது தேநீர்ச் சீனிதான். தேயிலை விளையும் ஊரில் நாங்கள் குடிப்பது பாதி சீனித் தண்ணீர். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பதினைந்து கரண்டி. உம்மம்மா முதலில் இரண்டாக்கினார், பிறகு ஒன்றாக்கினார், பிறகு வெறும் பிளேன்டீக்கு வந்தார். "இப்பதான் தேயிலைட ருசி தெரியுது" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எழுபது வருடம் தேயிலைக்கு நடுவில் வாழ்ந்தவர் அவர்.

புகையிலைத் துண்டு மட்டும் ஒரேயடியாகப் போனது. வெற்றிலைத் தட்டை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பத்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வாயில் ஏலக்காயும் கராம்பும் போட்டுக்கொண்டார். அந்தப் பத்து நாளைப்பற்றி நாங்கள் இன்னும் அவரிடம் கேட்பதில்லை.

மருந்தும் கிளினிக்கும் நோன்பும்

உணவு மாற்றம் மருந்துக்குப் பதிலாகாது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். உம்மம்மாவின் மருந்துகளை உம்மா சிறு போத்தல்களில் பிரித்து, காலை, இரவு என்று எழுதி வைத்திருக்கிறார். கிளினிக் கொப்பியை நான் வாசித்துச் சொல்வேன். 140க்கு 90 என்ற அளவைத் தாண்டினால் கூடிய அமுக்கம் என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் இது எங்களைப்போல இலகுவாக அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கும் பிரஷர். மருந்து இலவசம்தான். ஆனால் கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளம் இல்லை. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறார். இடையில் மருந்து முடிந்துவிடுகிறது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், கிளினிக்கில் கேட்டு, அடுத்த தடவைக்கு வேண்டிய மருந்தைச் சேர்த்துப் பெறவோ வசதியான திகதியைப் பெறவோ உதவலாம். கேட்பதற்கும் ஒரு ஆள் வேண்டும். நாம் அந்த ஆளாக இருக்கலாம்.

35 வயதைத் தாண்டியவர்கள் நோய் இல்லாவிட்டாலும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் குருதியமுக்கம், சீனி, நிறை முதலியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2011 முதல் இந்த நிலையங்கள் நடக்கின்றன. உங்கள் உம்மாவும் வாப்பாவும் எப்போது கடைசியாகப் பரிசோதித்தார்கள் என்று இன்று கேட்டுப் பாருங்கள்.

ரமழான் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சிறிய போராட்டம் நடந்தது. நோன்பை விடமாட்டேன் என்று உம்மம்மா பிடிவாதம். மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் தானே பிரித்துக் குடித்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படி நாமாக மாற்றக் கூடாது. சீனி மருந்து குடிப்பவருக்குப் பகலில் சீனி அபாயமாகக் குறையலாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் போய், பிடிக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். புண் ஆறும்வரை வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். உம்மம்மா அழுதார். பிறகு, பிடிக்க முடியாத நாட்களுக்காக ஏழைகளுக்கு உணவளித்தார். இஃப்தார் மேசையிலும் பொரித்த சமோசாவும் ரோல்ஸும் குறைந்து, ஈத்தம்பழமும் கஞ்சியும் பழமும் கூடின. அது எங்கள் எல்லோருக்குமே நல்லதாயிற்று.

கீழிருந்து மேலே

இதுவரை சொன்னது நாடிகளின் கதை. நாளங்களுக்கு வேறு கஷ்டம். எங்கள் தியலும நீர்வீழ்ச்சி சுமார் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. விழுவதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை. அந்தத் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றச் சொன்னால்தான் கஷ்டம். பாதத்திலிருந்து இதயத்துக்குக் குருதியை ஏற்றுவது அந்த வேலை. அதற்கு நாளங்களில் ஒருவழி வால்வுகள் உள்ளன. கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் நாளத்தைப் பிழிந்து குருதியை மேலே தள்ளுகிறது. அதனால் அதை இரண்டாவது இதயம் என்றும் சொல்வார்கள்.

மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவர்களுக்கும் உட்காருபவர்களுக்கும் இந்தப் பம்பி நின்றுவிடுகிறது. வால்வுகள் தளர்ந்து நாளங்கள் சுருண்டு வீங்குகின்றன. மாலையில் கால் வீங்கும், கனக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் நிற்பவர்கள், கடையில் நிற்பவர்கள், வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆசிரியைகள் எல்லோரும் குதிகாலை உயர்த்தி இறக்குவது, இடையிடையே நடப்பது, இரவில் காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பது போன்றவற்றைச் செய்யலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தால் அது நாளத்தில் குருதி உறைந்ததாக இருக்கலாம். அதைத் தேய்க்காமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

நமக்கு இன்னும் காலம் இருக்கிறதா?

பதினேழு வயதில் இதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டுமா என்று தோழிகள் கேட்கிறார்கள். நாடிச் சுவரில் கொழுப்புப் படிவது இளவயதிலேயே தொடங்குகிறது என்பதுதான் பதில். காலை பாடசாலை, மாலை டியூஷன், இரவு மேசை என்று ஒரு நாளில் பத்து மணித்தியாலம் உட்காருகிறோம். கையில் ஒரு மென்பானம், ஒரு பெட்டிஸ். 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டுகிறார்கள். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிழமைக்கு 150 நிமிட வேக நடை வளர்ந்தவர்களுக்குப் போதும். பதினேழு வயதுக்குட்பட்ட நமக்கு நாளுக்கு ஒரு மணித்தியால உடலசைவு வேண்டும். விடுதி முற்றத்தில் மஃரிபுக்கு முன் சுற்றி நடந்தாலே பாதி நிறைவேறும்.

இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டும். நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் அழுத்தம், இடக்கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் சீனி நோயாளருக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். இதைத்தான் நாம் வாய்வு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுத்து நேரத்தை விடுகிறோம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை சோர்வது, பேச்சுக் குழறுவது பாரிசவாதம். எதுவானாலும் 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் உண்டு. மலைப்பாதையில் வாகனம் வர நேரமெடுக்கும். ஆகவே மற்றவர்களைவிட நாம் முந்தி அழைக்க வேண்டும்.

மீண்டும் அந்த ஏற்றத்தில்

உம்மம்மாவின் புண் ஆற நான்கு மாதம் ஆனது. விரல் தப்பியது. இப்போது அவர் செருப்பில்லாமல் முற்றத்துக்கும் இறங்குவதில்லை. ஒவ்வொரு இரவும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். கண் மங்கலானதால் அடிப்பாதத்தைப் பார்ப்பது தங்கச்சியின் வேலை.

புண் ஆறிய பிறகு நடக்கச் சொன்னார் வைத்தியர். நாங்கள் ஆச்சரியப்பட்டோம். வலிக்கிற காலை ஓய்வாக வைக்க வேண்டும் என்றல்லவா நினைத்திருந்தோம். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் திரும்ப நடக்க வேண்டும். அப்படிச் செய்யச் செய்ய ஒடுங்கிய நாடியைச் சுற்றிச் சிறு கிளைக் கலன்கள் விரியும். தசையும் கிடைக்கிற ஒட்சிசனை நன்றாகப் பாவிக்கப் பழகும். அடைப்பு அப்படியே இருந்தாலும் நடை நீளும்.

போன விடுமுறையில் நானும் உம்மம்மாவும் கடைக்குப் போய் வந்தோம். பீலியடியில் அவர் நிற்கவில்லை. பலாமரத்தடியில் நின்றார். நானும் நின்றேன். இழுக்கவில்லை. "வலிக்குதா உம்மம்மா?" என்று கேட்டேன். "ஓம் புள்ள, கொஞ்சம்" என்றார். முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் போனதும், "சரி, நடப்பம்" என்றார்.

நான்கு நிறுத்தம் இரண்டாகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது ஏற்றத்தில் நின்று கதை பேசினால், கதையைக் கேளுங்கள். பிறகு காலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.